ரிப்பீட்டருக்குள் பொத்தான்: கிளிக்கா, ஐட்டம்கமாண்டா?

மைக்ரோசாஃப்டின் வலைப்பக்கக் கட்டமைப்பான ஏஎஸ்பி.நெட் வெப் ஃபார்ம்ஸில், தரவை வரிசை வரிசையாகக் காட்டும் ரிப்பீட்டருக்குள் உள்ள ‘நீக்கு’ பொத்தானை அழுத்துகிறோம். பக்கம் மறுபடி ஏறுகிறது, வரிசையோ அப்படியே நிற்கிறது.

ஒவ்வொரு பொத்தானுக்கும் கிளிக் ஹேண்ட்லரை (அழுத்தும்போது ஓடும் செயல்கூறை) கோடில் இணைப்பது ஒரு வழி. அதை, வரிசையில் தரவு சேரும்போது எழும் நிகழ்வான ஐட்டம்டேட்டாபவுண்டில் இணைத்தவர்கள் மாட்டிக்கொள்வார்கள்: போஸ்ட்பேக்கில் (பக்கம் சர்வருக்குத் திரும்பிப் போகையில்), வியூஸ்டேட் என்ற சேமித்த நிலையிலிருந்து வரிசைகள் மீளும்போது அந்த நிகழ்வு நடப்பதே இல்லை. வரிசை உருவாகும் ஒவ்வொரு முறையும் எழும் ஐட்டம்கிரியேட்டடுக்கு மாற்றினால் சரியாகும்.

பொத்தானுக்குக் கமாண்ட்நேம் என்ற கட்டளைப் பெயர் கொடுத்து, அதிலிருந்து மேலெழும் நிகழ்வை ரிப்பீட்டரின் ஐட்டம்கமாண்டில் பிடிப்பது மற்றொன்று. ஒரே ஹேண்ட்லர் போதும். எந்த வரிசை என்பதைப் பொத்தானில் வைக்கும் கமாண்ட்ஆர்க்யுமெண்ட் சொல்லிவிடும். என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் பக்கம் ஏறும்போது ஓடும் பேஜ்லோடில், இது போஸ்ட்பேக்கா என்று சொல்லும் இஸ்போஸ்ட்பேக்கைப் பார்க்காமல், தரவை நிரப்பும் டேட்டாபைண்டை அழைத்தால் இதுவும் ஊமையாகிவிடும். வரிசைகள் புதிதாக உருவாவதால், அழுத்திய பொத்தான் பக்கத்தின் கட்டுப்பாட்டு மரத்திலிருந்து கழன்றுவிடுகிறது. அதன் குரல் ரிப்பீட்டரை எட்டாது. ஒரு மாலை முழுவதையும் இதில் தொலைத்திருக்கிறேன். விட்டுப்போனது ஒரே ஒரு இஃப்.