தனி மனுவா, சங்கத்தின் வழியா? தருமபுரியின் சிறு மருத்துவமனைகளுக்கு எது ஒத்துவரும்

தருமபுரியில் முப்பது படுக்கையோடு மருத்துவமனை நடத்துபவர்கள் அரசிடம் ஒன்றைக் கேட்க வேண்டுமென்றால் பெரும்பாலும் இரண்டு வழிதான். நேராகப் போய் மனு கொடுக்கலாம். இல்லையென்றால் இந்திய மருத்துவச் சங்கத்தின் கிளை மூலமாகக் கேட்கலாம். இரண்டையும் செய்து பார்த்துவிட்டு எங்கள் நிர்வாகம் சங்கத்தின் வழியைத்தான் எடுத்துக்கொண்டது.

நேர் மனுவைக் குறை சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் கையோடு ரசீது கிடைக்கும். வாசலில் சாக்கடை, தெருவிளக்கு, வேகத்தடை போன்றவற்றுக்கு அதுவே போதும்.

ஆனால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஓர் அறுவை சிகிச்சைக்கு எவ்வளவு என்பது மாவட்டத்தில் முடிவாகிற விஷயமே இல்லை. தொப்பூர் கணவாயில் அடிபட்டு வருபவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டமும் (2021 டிசம்பரில் தொடங்கியது) அப்படித்தான். எந்தச் சிகிச்சை, எவ்வளவு தொகை எல்லாமே சென்னையில் போடுகிற அரசாணைதான்.

அங்கே போன மனுவை யார் விடாமல் கேட்பது? எனக்கு இந்த ஒரு கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. அதிகாரி மாறுதலாகிப் போனால் புதியவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். சிறு மருத்துவமனையில் பில் போடுகிற மேலாளர்தான் அதற்கும் அலைய வேண்டும். இரண்டு மாதத்தில் விட்டுவிடுவார். சங்கத்திலும் நிர்வாகிகள் மாறுவார்கள். ஆனால் தீர்மானப் புத்தகம் அடுத்தவர் கைக்குப் போகும், மாநிலக் கிளையும் சென்னையில் இருக்கிறது. மருத்துவமனைகள் மீதான வன்முறையைத் தடுக்கும் 2008 சட்டமே மருத்துவர்கள் அமைப்பாக நின்று கேட்டதன் பின்னால் வந்ததுதான்.

அப்புறம், காப்பீட்டில் கேட்டதைவிடக் குறைவாக வந்தது என்று ஒரு மருத்துவமனை கணக்குக் காட்டினால் அது அவர்களுடைய நஷ்டம் என்று எடுத்துக்கொள்வார்கள். பத்து மருத்துவமனைகள் ஒரே தாளில், நோயாளி சேர்ந்த தேதி, கேட்ட தொகை, வந்த தொகை, வெட்டிய காரணம் என்று எழுதிக் கொடுத்தால், ஒரே காரணம் வரிசையாகத் திரும்ப வருவது பார்த்ததுமே தெரியும். அப்போது அது கொள்கைப் பிரச்சினை ஆகிறது.

சங்கம் மெதுவாகத்தான் நகரும். மருத்துவர்களின் பிரச்சினை முன்னே போய், செவிலியர் பற்றாக்குறை, பில் பாக்கி எல்லாம் பின்னால் நிற்பதும் உண்டு. சட்டமன்ற உறுப்பினர் வழியாகப் போனதில் எங்களுக்கு அனுபவம் குறைவு. ஒரு பரிந்துரைக் கடிதத்தோடு நின்றுவிட்டது. ஓசூரில் தனியாக ஆள் வைத்துச் சென்னையில் பேசக்கூடிய பெரிய மருத்துவமனைகளுக்கு இந்தக் கணக்கு வேறாக இருக்கலாம்.

சங்கத்தில் பேசப் போகிறவர்கள் அந்த நான்கு கட்டத் தாளை இந்த மாதமே எழுத ஆரம்பித்துவிடுங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம், வரிசை எண் போதும்.