சாமியா, அறிவியலா? எது யாருக்குச் சரிவரும்

களியக்காவிளைப் பக்கம் காலேஜ் போகும் பிள்ளைகள் பலர் சாமியை நம்புவதா, அறிவியலைப் பிடித்துக்கொண்டு நாத்திகராவதா என்ற குழப்பத்தோடுதான் என்னிடம் வருகிறார்கள். இரண்டு வழிக்கும் பக்கத்துக் கேரளத்திலேயே ஆள் உண்டு. 1888-ல் அருவிப்புறத்தில் ஆற்றுக்கல்லைச் சிவனாக நிறுவிய நாராயண குரு, மனிதனுக்கு ஒரு சாதி, ஒரு மதம், ஒரு கடவுள் என்றார். அவருடைய சீடரான சகோதரன் ஐயப்பன், சாதி வேண்டாம், மதம் வேண்டாம், கடவுளும் வேண்டாம் என்று சொல்லி, 1917-ல் செறாயியில் ஈழவர், புலையர் என்ற இரு சாதியாரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சாப்பிட்டார்.

கேள்வி கேட்க
நம்பிக்கை: ஓரிடத்தில் நிறுத்தச் சொல்வார்கள்.
அறிவியல்: நிறுத்தவே கூடாது, நேற்றைய விடையும் மாறலாம்.

துக்கத்தில்
நம்பிக்கை: அம்மா போனபோது ஜெபம் சொல்ல வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் எங்களுக்குக் கஞ்சியும் வைத்துத் தந்தார்கள், அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.
நாத்திகம்: அந்தக் கூட்டத்தை நாமேதான் சேர்க்க வேண்டும், கஷ்டம்தான்.

வாழ்க்கையின் பொருள்
நம்பிக்கை: தயாராகக் கிடைக்கும்.
நாத்திகம்: நாமே உண்டாக்கணும். அறிவியல் 'எப்படி' என்பதைச் சொல்லும், 'எதற்காக' என்பதைச் சொல்லாது.

தனிமை தாங்காதவர்களுக்கு நம்பிக்கை. பொய்யான ஆறுதல் பிடிக்காதவர்களுக்கு நாத்திகம், ஆனால் கூடவே நாலு நண்பர்களும் வேண்டும். நான் இரண்டாவது பக்கம். ஆனாலும் யார் வீட்டில் இழவு என்றாலும் முதல் ஆளாகப் போய்விடுவேன்.