கேரமா, ஃபுட்பாலா?
வேலை முடிந்து வரும் பெரியவர்களுக்கும் கொஞ்சம் விளையாட்டு வேண்டும், வட சென்னையில் அதற்கு இரண்டு வழி கண்முன்னே இருக்கிறது. வியாசர்பாடி பக்கம் ஃபுட்பால் ஆடினால் வியர்த்து மனசு லேசாகிவிடும், ஆனால் 40 வயதில் முட்டி ஒத்துழைக்க வேண்டும், ஆளும் மைதானமும் சேர வேண்டும். கேரமுக்கு 4 பேர், ஒரு போர்டு, கொஞ்சம் பவுடர் போதும். காய்கள் 9 வெள்ளை, 9 கறுப்பு, நடுவில் ஒரு சிவப்பு. அந்தச் சிவப்பைக் குழியில் போட்டதும் ஃபாலோ, அதாவது அடுத்து போட்டே ஆக வேண்டிய நம் காய், விழுமா என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நொடியில் வட்டிக் கவலை, மேனேஜர் திட்டு எதுவும் ஞாபகத்தில் இருக்காது, அம்மாவும் அண்ணன் மகளும்கூட கூடவே உட்காரலாம். 2024 கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா நம் புதுவண்ணாரப்பேட்டைப் பெண்தானே! சரி, தினமும் ஆட என் ஓட்டு கேரமுக்கு. ஞாயிறு காலையில் ஆள் சேர்ந்தால் பந்தும் ஆடலாம்.