மசாய் மாரா: "3 நாள் சஃபாரி"யில் காட்டுக்குள் இருந்தது 7 மணி நேரம்

போன ஆகஸ்டில் கென்யா போய் ஏமாந்து வந்த கதை இது. நைரோபியில் இறங்கி மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போக நினைப்பவர்கள் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நைரோபி ஏஜென்சி ஒன்று வாட்ஸ்அப்பில் சொன்னது: 3 நாள், லேண்ட் க்ரூசர், ஆளுக்கொரு ஜன்னல், நுழைவுக் கட்டணம் உட்பட. மற்றவர்கள் கேட்டதைவிட 300 டாலர் குறைவு. அங்கேயே உறைத்திருக்க வேண்டும்.

வந்து நின்றது கூரை தூக்கும் பழைய வேன். எட்டுப் பேர். லேண்ட் க்ரூசர் பிரேக்டவுனாம். சரி, விலங்கு தெரிந்தால் போதும் என்று ஏறினோம். ரிஃப்ட் பள்ளத்தாக்கைப் பார்க்கிற இடத்தில் ஒரு நினைவுப்பொருள் கடை, வழியில் நரோக் ஊரில் இன்னொன்று. (கமிஷன் இல்லாமலா?) காப்பகத்தின் நுழைவாயிலான செகெனானி கேட்டுக்கு வெளியே இருந்த கேம்ப்பை அடையும்போது மணி ஐந்து. "ஆறுக்கு கேட் மூடிவிடுவார்கள், நாளைக்குப் பார்ப்போம்" என்றார் டிரைவர்.

மறுநாள் கேட் திறப்பது ஆறு மணிக்கு. நாங்கள் நுழைந்தது ஏழுக்கு. வெயில் ஏறி, சிங்கங்கள் புதருக்குள் படுத்துவிட்டன. ஒரு சிவிங்கிப்புலியைச் சுற்றி இருபது வண்டி. ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்பது விதி. எங்கள் ஆள் பாதையை விட்டுப் புல்லில் இறங்கினார், ரேஞ்சர் பிடித்தார். அந்த அபராதத்தில் எங்களிடம் பங்கு கேட்டதுதான் உச்சம்! இரண்டு மணிக்கு டீசல் இல்லை என்று திருப்பிவிட்டார். வில்டபீஸ்ட் (மாடு போன்ற ஒரு வகை மான்) கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்க்கத்தான் ஆகஸ்டில் போனோம். மாரா ஆற்றின் கரையைக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் தனிக் காசு வாங்கிக்கொண்டு மசாய் பழங்குடி கிராமம், அப்புறம் நேரே நைரோபி.

கணக்கு பிறகுதான் புரிந்தது. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் ஜனவரியிலிருந்து ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200. சீட்டு காலை 6 முதல் மாலை 6 வரைதான் செல்லும். வெளியே தங்க வைத்து, முதல் நாளும் கடைசி நாளும் உள்ளே விடாமல் இருந்தால் ஒவ்வொரு தலைக்கும் 400 டாலர் மிச்சம். 300 தள்ளுபடி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

அதனால் "எத்தனை நாள் டூர்" என்று கேட்காதீர்கள், "எத்தனை நாளுக்கு நுழைவுச்சீட்டு எடுப்பீர்கள்" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கேம்ப் கேட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதையும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அடுத்த சஃபாரிக்கு 10 சதவீதம் தள்ளுபடி தருகிறார்களாம்.