நாளுக்கு ஒரு புயல்: மேசைக் காலண்டர், ஒரு வருஷம் புரட்டிய பிறகு

வரலாற்றில் அதே தேதியில் நடந்த மோசமான வானிலைச் சம்பவம் ஒன்று, நாளுக்கு ஓர் அட்டை, மொத்தம் 366. கிழமை போடவில்லை என்பதால் வருஷம் முடிந்ததும் மறுபடி முதலில் இருந்து புரட்டலாம். ஜனவரி வாக்கில் கொஞ்சம் சந்தேகமாகத்தான் ஆரம்பித்தேன், 22ஆம் தேதி அட்டையில் விழுந்துவிட்டேன். 1943, அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்து ஸ்பியர்ஃபிஷ். காலை 7:30க்கு மைனஸ் 20 டிகிரி, 7:32க்கு பிளஸ் 7. மலையிலிருந்து இறங்கும் சினூக் என்ற வெப்பக்காற்று செய்த வேலை. அப்புறம் ஒன்பது மணிக்கு மேல் அரை மணி நேரத்துக்குள் திரும்ப மைனஸ் 20க்கே போய், ஜன்னல் கண்ணாடியெல்லாம் விரிசல் விட்டிருக்கிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது ஏப்ரலில் ஒரு நாள் இடைவெளியில் வரும் இரண்டு அட்டைகள். 12ஆம் தேதி, 1934, அமெரிக்காவின் வாஷிங்டன் மலை உச்சி: காற்றின் வேகத்தை அளக்கும் கருவியில் படியும் பனிக்கட்டியைக் கட்டையால் அடித்து உதிர்க்க ஓர் ஆள் அந்தக் காற்றில் வெளியே போகிறார், உள்ளே ஸ்டாப்வாட்ச் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள், மணிக்கு 372 கி.மீ. அதை முறியடித்தது 10ஆம் தேதி அட்டை: 1996, ஆஸ்திரேலியாவின் பாரோ தீவு, ஒலிவியா புயல், 408 கி.மீ. இதை அளந்தது தானியங்கிக் கருவி. சாதனை என்று உலக வானிலை அமைப்பு ஒப்புக்கொண்டது 2010இல்தான். எப்படி அளந்தார்கள் என்று சொல்லும் அட்டைகள் எல்லாமே நன்றாக இருக்கின்றன, செத்தவர் எண்ணிக்கையை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டவை ரொம்ப மோசம். 1970இல் இன்றைய வங்கதேசத்தில் அடித்த போலா புயலின் அட்டை அப்படித்தான். மூன்று லட்சத்துக்கும் மேல் என்கிறது, சரி, அத்தனை பேர் ஏன் செத்தார்கள்? புயல் கரையேறிய நேரமும் கடல் ஏற்றமும் ஒன்றாகச் சேர்ந்ததை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம், இடம் நிறையக் காலியாகக் கிடக்கிறது.

அடிப்படைக் கோளாறு வேறு. ஒரே நாளில் அடித்துவிட்டுப் போவதற்குத்தான் இதில் இடம். சிரபுஞ்சியில் 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை 26,000 மி.மீ.க்கு மேல் கொட்டியதை எந்தத் தேதியில் போடுவார்கள்? போடவே இல்லை. 2003இல் ஐரோப்பாவில் வாரக்கணக்கில் ஆளைக் கொன்ற வெயிலும் இல்லை. அமெரிக்காவின் முப்பதுகளின் வறட்சி, 1935 ஏப்ரல் 14 புழுதிப் புயல் என்ற ஒரே அட்டையில் முடிந்துவிடுகிறது, புழுதி பறந்தால்தான் வறட்சிக்கே மரியாதை போல. 1953 வடகடல் வெள்ளத்தை ஜனவரி 31இல் போட்டிருக்கிறார்கள், நெதர்லாந்தில் கரைகள் உடைந்ததோ விடிந்தால் பிப்ரவரி 1 என்ற ராத்திரியில்.

ஒரு தப்பை மட்டும் மன்னிக்க முடியவில்லை. செப்டம்பர் 13, லிபியாவின் எல் அஜிஜியா, 1922, 58 டிகிரி, 'உலகின் உச்ச வெப்பம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். அனுபவமில்லாத ஆள் கருவியைத் தப்பாகப் படித்திருக்கலாம் என்று 2012லேயே அதை நீக்கியாயிற்று. இப்போது சாதனை அமெரிக்காவின் டெத் வேலியின் 56.7, 1913 ஜூலை 10. அந்த ஜூலை அட்டையும் இதே காலண்டரில் இருக்கிறது, 'உலக சாதனை' என்ற அதே பட்டத்தோடு! நானே பென்சிலால் ஒன்றை அடித்து வைத்திருக்கிறேன். வழவழ அட்டை, பென்சில் சரியாகப் பிடிக்கவில்லை.