மூன்றாம் நம்பர் தொட்டி மறுபடியும் ஃபுல்லாம்: இரண்டரை வருட சென்சார் அனுபவம்

குப்பைத்தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று ஆப்பில் காட்டும் எங்கள் சென்சார் ஆறுக்கும் போன வாரம் பேட்டரி மாற்றினோம். பக்கத்து அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் செயலாளர் என் நண்பர். வேடிக்கை பார்த்துக்கொண்டே, "இப்போ விலை குறைஞ்சிருக்காமே, நாங்களும் போட்டுடலாமா?" என்றார். நின்ற நிலையில் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இது.

எங்களுடையது ஓஎம்ஆரில் 180 வீடு. 1100 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஆறு, ஒவ்வொன்றின் மூடிக்கு அடியிலும் ஒரு அல்ட்ராசோனிக் சென்சார். செக்யூரிட்டி அறையின் மேல் ஒரு லோராவான் கேட்வே, அதாவது சென்சார்களின் ரேடியோ சிக்னலை வாங்கி இன்டர்நெட்டுக்கு அனுப்பும் பெட்டி. சிக்னல் பற்றித்தான் நான் முதலில் பயந்தேன். அதில் இன்றுவரை ஒரு தொல்லையும் இல்லை.

பேட்டரி ஐந்து வருடம் வரும் என்றார்கள். நாளுக்கு நாலு தடவை அளந்தால் வருமாம். நாங்கள் ஆர்வக்கோளாறில் அரை மணிக்கு ஒருமுறை என்று மாற்றி வைத்துவிட்டோம். அது எங்கள் தப்பு. ஆனால் உள்ளே இருப்பது 3.6 வோல்ட் லித்தியம் தயோனைல் குளோரைடு பேட்டரி, தெருமுனைக் கடையில் கிடைக்காது என்பதை வாங்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சரி, என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். மூன்றாம் நம்பர் தொட்டி.

அது மக்காத குப்பைக்கானது. யாராவது புது டிவி வாங்குவார்கள். தெர்மாகோலையும் அட்டைப்பெட்டியையும் மடிக்காமல், உடைக்காமல் செங்குத்தாகச் செருகிவிட்டுப் போவார்கள். சென்சார் மேலிருந்து ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒரு மீட்டர் ஆழத்துக்குப் போய்வர 6 மில்லிசெகண்ட் கூட ஆகாது. நடுவில் ஒரு தெர்மாகோல் முனை நீட்டிக்கொண்டிருந்தால் எதிரொலி அங்கேயே திரும்பிவிடும். ஆப்பில் 96 சதவீதம், சிவப்பு. 80-ஐத் தாண்டினால் வண்டிக்காரருக்குத் தானாகத் தகவல் போகும்படி ஒப்பந்தம். வண்டி வந்தால் 600 ரூபாய். வந்து திறந்தால் முக்கால் தொட்டி காலி! பழைய தலையணையைப் போட்டால் நேர்மாறு. பஞ்சு ஒலியை விழுங்கிவிடும், தொட்டி வழிந்தாலும் பச்சைதான்.

கம்பெனியில் கேட்டோம். "ஒரு மணி நேரம் தொடர்ந்து 80-க்கு மேல் இருந்தால் மட்டும் அலர்ட் வருகிற மாதிரி செய்துவிட்டோம்" என்றார்கள். தெர்மாகோல் என்ன, ஒரு மணி நேரத்தில் எழுந்து நடந்தா போய்விடும்?

எங்கள் ஹவுஸ்கீப்பிங் அக்கா தொட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ரெண்டு தட்டு தட்டுவார். சத்தத்தை வைத்தே எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவார். சென்சாரைப் பற்றி அவர் முதல் மாதமே தீர்ப்பு சொல்லிவிட்டார்: "சார், அது வயித்தைப் பார்க்கலை, வாயைத்தான் பார்க்குது."

நியாயமாகச் சொன்னால், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் இதே வகை சென்சார்தான். ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. தண்ணீர் சமமாகப் படுத்துக் கிடக்கும். குப்பை எங்கே படுக்கிறது? மக்கும் குப்பைத் தொட்டிகளில் பரவாயில்லை, சோறும் காய்கறித் தோலும் ஓரளவு பரவிவிடும். அங்கே பிரச்சினை கரப்பான்பூச்சி. பேட்டரி மாற்ற ஒன்றைக் கழற்றினால் சென்சாரின் விளிம்பைச் சுற்றி வரிசையாக முட்டைக் கூடுகள். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் பாவம். போன தீபாவளி ராத்திரி 11.40-க்கு போன் அடித்தது. மூன்றாம் நம்பர் தொட்டி. புலி வருது புலி வருது என்று கேட்டுக் கேட்டுச் சலித்தவன், பார்க்காமலே போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுபடி அடித்தது. எடுத்தால் சதவீதம் இல்லை, வெப்பநிலை: 61 டிகிரி. சென்சாருக்குள் தெர்மாமீட்டரும் இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. வாட்ச்மேனுக்குப் போன் போட்டேன். யாரோ பட்டாசுக் குப்பையை நெருப்பு அணைவதற்கு முன்பே கூட்டி அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். மூடியைத் திறந்ததும் புகை. நாலு வாளித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. தொட்டிக்கு ஐந்தடி தள்ளி வரிசையாக முப்பது பைக்.

அந்த ஒரு ராத்திரிக்காகவே போட்ட காசு வந்துவிட்டது என்று பொதுக்குழுவில் நானே எழுந்து பேசினேன். அடுத்த வருட சந்தாவும் கட்டியாகிவிட்டது.

நண்பரிடம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "அந்தக் காசுக்கு அட்டைப்பெட்டி மடிக்க ஒரு ஆள் போடுங்க." அவர் குழம்பிப்போய் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் என் போன் அடித்தது. புது பேட்டரி, மூன்றாம் நம்பர், 100 சதவீதம். போய்த் திறந்தால், யாரோ ஒரு ஒட்டடைக்குச்சியைக் குத்திட்டு நிறுத்தியிருந்தார்கள்.