என் ரத்தத்தில் செய்த கண் மருந்தும் எங்கள் வீட்டு ஃப்ரீசரும்

கண்ணும் வாயும் வறண்டுபோகும் ஷோக்ரன் நோய் என்று அண்மையில் தெரியவந்த தோழி ஒருத்தி, "நீ சீரம் டிராப்ஸ் போடுறியே, எப்படி இருக்கு? நானும் போடலாமா?" என்று கேட்டாள். கேட்ட வாரம் சரியில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எடுத்த ரத்தம் கட்டிய பின் பிரிந்து நிற்கும் மஞ்சள் நீர்தான் சீரம். என் ரத்தத்தின் சீரத்தில் செய்த சொட்டு மருந்தைத்தான் போடுகிறேன். மருந்தில் ஒரு குறையும் இல்லை. கடையில் வாங்கும் செயற்கைக் கண்ணீர் கண்ணை நனைக்கும், அதோடு சரி. சீரத்தில் வைட்டமின் ஏ, ஃபைப்ரோநெக்டின் என்ற புரதம், செல்களை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகள் என்று நல்ல கண்ணீரில் இருப்பவை பலவும் உண்டு. கருவிழியின் மேல்தோல் ஆற இவை வேண்டும். 1984இலேயே ஷோக்ரன் நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். என்னுடையது 20 சதவீதம், அதாவது ஒரு பங்கு சீரத்துக்கு நான்கு பங்கு சலைன் என்ற உப்பு நீர். எதற்குத் தண்ணீர் கலக்க வேண்டும், அப்படியே விட்டால் என்ன என்று கேட்டேன். காயம் ஆறுவதை மந்தமாக்கும் டிஜிஎஃப் பீட்டா என்ற பொருள் கண்ணீரைவிட சீரத்தில் பல மடங்கு அதிகமாம்.

முன்பெல்லாம் காலையில் கண் திறக்கவே பயம். இமை கருவிழியோடு ஒட்டிக்கிடந்து, திறக்கும்போது தோலை உரித்துக்கொண்டு வரும். இப்போது விழிப்பு வந்ததும் கண்ணைத் திறக்கிறேன். அலுவலக ஏர்கானுக்கு நேர் கீழே உட்கார்ந்து சாயங்காலம் வரை கணினி பார்க்கிறேன். வெளியே சட்டை நனையும் புழுக்கம், உள்ளே கண் காயும் குளிர் என்று சிங்கப்பூரில் வாழ்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சரி, வயிற்றெரிச்சலுக்கு வருவோம். கெடாமல் காக்கும் ரசாயனம் எதுவும் இதில் கிடையாது. அதனால் குப்பிகள் உறைநிலையிலேயே இருக்க வேண்டும். அன்றன்றைக்கு ஒன்றை எடுத்து உருகவிட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். எனக்குச் சொல்லியிருப்பது 24 மணி நேரம். அப்புறம் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் சிங்க்கில்தான். சொந்த ரத்தத்தைக் குழாயடியில் ஊற்றும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது.

எங்களுடையது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு, இருப்பது ஒரே ஃப்ரிட்ஜ். தேக்கா சந்தையில் வாங்கிய ஆட்டுக்கறி, வஞ்சிரம், துருவிய தேங்காய், நடுவில் ஜிப் பைக்குள் என் பெயரும் பிறந்த தேதியும் ஒட்டிய குப்பிகள். வெள்ளிக்கிழமை தேங்காய் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் மாமியார், "ரத்தத்தக் கொண்டாந்து இங்க வச்சிருக்கியேம்மா" என்பார். "சிவப்பணு எல்லாம் எடுத்தாச்சு அத்தை, வெறும் மஞ்சள் தண்ணிதான்" என்றேன். "ஒன் ரத்தத்துலேர்ந்து வந்ததுதானே?" என்றார். அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

இந்த வாரம் மகன் ஐஸ்கிரீம் எடுத்துவிட்டு ஃப்ரீசர் கதவைச் சரியாகச் சாத்தாமல் பள்ளிக்குப் போய்விட்டான். மாலையில் வந்து பார்த்தால் அத்தனை குப்பியும் உருகிக் கிடந்தன. மறுபடி உறைய வைக்கக்கூடாது. திரும்பவும் ரத்தம் எடுக்க ஊசி, திரும்பவும் காத்திருப்பு, அதுவரை பழைய செயற்கைக் கண்ணீர். வஞ்சிரத்தை அன்றே குழம்பு வைத்துவிட்டோம். சீரத்தை என்ன செய்ய?

ஆகவே தோழி, மருந்துக்கு ஐந்துக்கு ஐந்து. ஆனால் இன்றைக்கு என்னைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கண் அழற்சியைக் குறைக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து மாதிரி மற்றவற்றை முதலில் பார். ரத்தசோகை இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல், ரத்தம் எடுக்கவே யோசிப்பார்கள். எல்லாம் பார்த்த பிறகும் இதுதான் வழி என்றால், முதலில் போய் ஒரு சின்ன ஃப்ரீசர் வாங்கு. பூட்டு உள்ளதாகப் பார்த்து வாங்கு.